எம்லினுக்கு ஆங்கிலம் மறந்துபோனது

கோர்வென்
1998 அக்டோபர் 19

மைனிர் கண்ணு,

பக்கத்து வீட்டுக்காரரை விட்டு உனக்கு ஃபோன் செய்யச் சொன்னேன். விஷயம் பாதிதான் வந்திருக்கும். என் காதை வைத்துக்கொண்டு நானே பேசியிருந்தால் "என்ன? என்ன?" என்று கத்திக்கொண்டே இருந்திருப்பேன். அதைவிடக் காகிதம் மேல்.

பத்தாம் தேதி சனிக்கிழமை காலையில் உன் அத்தான் வேலையில் இருக்கும்போது விழுந்துவிட்டார். பாலத்துக்குப் பக்கத்தில் புதுப் பெயர்ப்பலகை நடுகிற வேலை. லாரியிலிருந்து கம்பத்தை இறக்கிக்கொண்டிருந்தவர் அப்படியே சாய்ந்தாராம். பக்கவாதம். வலது கையும் காலும் போய்விட்டன. வாயும் கொஞ்சம் கோணல். கடலோரத்துப் பெரிய ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனார்கள். உயிருக்கு ஆபத்தில்லை என்கிறார்கள்.

ஆனால் இதைக் கேள். டாக்டர் ஆங்கிலத்தில் "உங்க பேரு என்ன?" என்று கேட்டார். பஸ்ஸில் பக்கத்தில் உட்கார்ந்த அந்நியரைப் பார்ப்பதுபோல இவர் அவரைப் பார்த்தார். இரண்டாம் தடவை, மூன்றாம் தடவை. டாக்டர் எழுதிக்கொண்டார். நான் குனிந்து நம் வெல்ஷ் மொழியில் கேட்டேன்: "ஏங்க, உங்க பேரு என்ன?"

"எம்லின். ஏன்டி, உனக்கே மறந்துபோச்சா?"

குழறிக் குழறித்தான் சொன்னார். ஆனாலும் சொன்னார். எனக்குச் சிரிப்பும் வந்தது, அழுகையும் வந்தது. தொட்டிலில் கேட்ட மொழி தங்கிவிடும், பள்ளிக்கூடத்தில் படித்தது சில பேருக்குக் கழுவிக்கொண்டு போய்விடும் என்று டாக்டர் சொன்னார். நாற்பது வருஷம் ஆங்கிலத்தில் மேஸ்திரிகளோடு மல்லுக்கு நின்ற மனுஷன். இப்போது "தண்ணி" என்று சொன்னால்கூட அங்கே யாருக்கும் புரியவில்லை. வார்டில் ஒரு நர்ஸுக்கும் வெல்ஷ் தெரியாது. எல்லாரும் எல்லைக்கு அந்தப் பக்கத்து ஆங்கிலேயப் பெண்கள். நல்ல பெண்கள்தான், குறை சொல்லமாட்டேன்.

வார்டு முழுக்கப் பலகைகள். கதவுக்குக் கதவு நம் மொழி மேலே, ஆங்கிலம் கீழே. உன் ஆபீஸ் வேலை என்று தெரிந்து முதல் நாள் பெருமையாகத்தான் இருந்தது. ஆனால் கழிப்பறை என்று அத்தனை பெரிதாக எழுதி வைத்திருக்கிற இடத்தில், கழிப்பறைக்குப் போகணும் என்று இவர் சொன்னால் புரிந்துகொள்ள ஆளில்லை, மைனிர். ஈரப் படுக்கையில் படுத்திருந்தார். எம்லின். சட்டைக் காலரில் ஒரு அழுக்கு பட்டாலும் மாற்றுகிறவர்.

பார்க்க விடுவது இரண்டு மணியிலிருந்து நாலு மணி வரை. இரண்டு பஸ் மாற வேண்டும். அந்த இரண்டு மணி நேரம் தவிர மீதி இருபத்திரண்டு மணி நேரமும் அவர் ஊமைதான்.

நீ அந்த இடத்தில்தானே இருக்கிறாய். ஏதாவது செய்ய முடியுமா என்று பார்.

உன் ஒல்வென்


கார்டிஃப்
1998 அக்டோபர் 24

அன்பு அக்கா,

உன் கடிதத்தை ஆபீஸ் மாடிப்படியில் உட்கார்ந்து படித்தேன். உள்ளே போய்ப் படிக்கத் தைரியம் வரவில்லை. அத்தான் படுத்திருப்பதை என்னால் நினைத்துப் பார்க்கவே முடியவில்லை. ஆபெரிஸ்ட்வித் கல்லூரியில் என்னைச் சேர்க்க, கவுன்சில் லாரியில் திருட்டுத்தனமாக என் பெட்டியையும் என்னையும் ஏற்றிக்கொண்டு போனவர் அவர். விடுதி வாசலில் இறக்கிவிட்டு, "இங்க உள்ளவங்க இங்கிலீஷ்ல கேட்டா, நீ நம்ம பேச்சுலயே பதில் சொல்லு. ரெண்டு நாள் முழிப்பாங்க, மூணாம் நாள் கத்துக்குவாங்க" என்றார். என் வேலைக்கு அதைவிடச் சுருக்கமான விளக்கம் இன்றுவரை யாரும் தரவில்லை.

நீ பயப்படாதே, கூச்சமும் படாதே. அந்த ஆஸ்பத்திரி ஒரு மொழித் திட்டத்தை எழுதிக் கொடுத்திருக்கிறது. சட்டப்படி கொடுத்தாக வேண்டும். அது என் மேசைக்குத்தான் வந்தது, நான்தான் படித்து ஒப்புதலுக்கு அனுப்பினேன். பதினான்காம் பக்கத்தில் தெளிவாக இருக்கிறது: நோயாளி விரும்பினால் வெல்ஷில் பேச ஆள் ஏற்பாடு செய்யப்படும். நீ செய்ய வேண்டியதெல்லாம் வார்டு பொறுப்பாளரிடம் போய்க் கேட்பதுதான். கெஞ்ச வேண்டாம். அது சலுகை இல்லை, உரிமை. நானும் இன்றே நிர்வாகத்துக்கு எழுதுகிறேன்.

உடனே ஓடி வந்திருப்பேன். அடுத்த மே மாதம் நம் நாட்டுக்கென்று ஒரு சட்டமன்றம் வரப்போகிறதல்லவா, அதன் முன்னால் வைக்கிற அறிக்கைக்கு இப்போதே தூக்கம் போய்விட்டது. நவம்பர் கடைசியில் கட்டாயம் வருகிறேன்.

அத்தான் நெற்றியில் எனக்காக ஒரு முத்தம் கொடு. திட்டுவார். பரவாயில்லை.

மைனிர்


கோர்வென்
1998 நவம்பர் 8

மைனிர் கண்ணு,

நீ சொன்னபடி கேட்டேன். கெஞ்சவில்லை. வார்டு பொறுப்பாளர் அம்மா கண்ணாடியைத் தூக்கிவிட்டு ஃபைலைப் புரட்டினாள்.

"உங்க வீட்டுக்காரருக்கு இங்கிலீஷ் தெரியும்னு இதுல இருக்கே?"

"தெரிஞ்சிருந்துச்சு. இப்ப இல்ல."

"எந்த மொழி வேணும்னு சேர்க்கும்போதே கேட்டிருக்கோம். 'பதிலில்லை'ன்னு போட்டிருக்கு பாருங்க."

"எந்த மொழியில கேட்டீங்க?"

அவள் ஃபைலை மூடினாள். நானும் மேற்கொண்டு கேட்கவில்லை. நான் நாலு மணிக்குக் கிளம்பிவிடுவேன், அதற்குப் பிறகு இவரைத் திருப்பிப் படுக்க வைக்கப்போவது இவர்கள்தானே. உனக்கு அது உரிமை, எனக்கு அது இவருடைய முதுகு.

செவ்வாய்க்கிழமை பேச்சுச் சோதனை செய்தார்கள். நான் ஓரத்தில் உட்கார்ந்துகொள்ளலாம், வாயைத் திறக்கக் கூடாது. ஒரு சின்னப் பெண் அட்டைகளைக் காட்டி ஒவ்வொன்றாக ஆங்கிலத்தில் கேட்டாள். கரண்டி. இவர் "கரண்டி" என்று நம் மொழியில் சொன்னார். அவள் தலையை ஆட்டிவிட்டு ஒரு கோடு போட்டாள். சாவி. சொன்னார். கோடு. குதிரை வந்தபோது, "குதிரை. நல்ல குதிரை இல்ல, முதுகு தொங்குது" என்று முழு வாக்கியமே சொன்னார். அதற்கும் கோடு. இருபது அட்டைக்கு இருபது கோடு. கடைசியில் அவள் என்னிடம் மெதுவாக, "எதுவுமே புரியல போலிருக்கு, வருத்தமா இருக்கு" என்றாள். உண்மையாகவே வருத்தப்பட்டாள். இவர் எல்லாம் சரியாகத்தான் சொன்னார் என்றேன். எழுதிக்கொள்கிறேன் என்றாள், ஆனால் மதிப்பெண்ணை மாற்ற அவளுக்கு வழியில்லையாம். இந்தப் பூஜ்ஜியத்தை வைத்துத்தான் கைகாலுக்குப் பயிற்சி கொடுக்கிற பிரிவுக்கு அனுப்புவதா, முதியோர் இல்லத்தில் போடுவதா என்று முடிவு செய்வார்களாம். இவருக்கு ஐம்பத்தொன்பது வயது.

ஒரு நல்ல சேதியும் இருக்கிறது. டீ வண்டி தள்ளுகிற அம்மா, நெரிஸ் என்று பெயர், டென்பி பக்கத்துக்காரி. நம் ஆள். முதல் நாள் இவர் கோப்பையை வாங்கி ஒரு வாய் குடித்துவிட்டு, "இத எந்த மாடு பேஞ்சுச்சு?" என்று முனகினாராம். அவள் வண்டியைப் பிடித்துக்கொண்டு சிரித்தாளாம். அதிலிருந்து காலையில் ஒரு தடவை, சாயங்காலம் ஒரு தடவை நின்று என்ன வேண்டும் என்று கேட்டு நர்ஸுகளிடம் சொல்லிவிட்டுப் போகிறாள். ஒரு வாரமாகப் படுக்கை ஈரமாகவில்லை. முகத்தை மழித்துவிட்டிருக்கிறார்கள். நேற்று நான் போனபோது, "நீ ஏன்டி இவ்வளவு தூரம் அலையிற, நெரிஸ்தான் இருக்காளே" என்று சீண்டினார். பொறாமைப்படக் கிடைத்ததிலேயே எனக்கு அவ்வளவு சந்தோஷம்.

அந்தச் சோதனையை நம் மொழியில் செய்யச் சொல். அது ஒன்று போதும்.

ஒல்வென்


கார்டிஃப்
1998 நவம்பர் 16

அன்பு அக்கா,

இருபது கோடு என்று நீ எழுதியதைப் படித்ததிலிருந்து எனக்கு உள்ளுக்குள் எரிகிறது. நிர்வாகத்துக்கு அன்றைக்கே காட்டமாக ஒரு கடிதம் போட்டேன். மொழித் திட்டத்தில் சொன்னது ஒன்று, செய்வது ஒன்றாக இருக்கிறது, பயிற்சி பெற்ற ஆள் இல்லாமல் டீ கொடுக்கிறவரை வைத்துச் சமாளிப்பது வெட்கக்கேடு என்று எழுதினேன். பலன் கிடைத்துவிட்டது. வெல்ஷ் தெரிந்த பேச்சுச் சிகிச்சையாளர் பேங்கர் நகரத்திலிருந்து வந்து சோதனையை மறுபடி செய்வார். தேதி ஜனவரி 14. அதற்கு முன்னால் அவருக்கு நாள் இல்லை. வடக்கு முழுவதற்கும் அவர் ஒருவர்தான். அதுவரை முதியோர் இல்லப் பேச்சை எடுக்கமாட்டார்கள், எழுத்தில் வாங்கியிருக்கிறேன்.

நவம்பர் கடைசியில் வருவது நடக்காது போலிருக்கிறது. கிறிஸ்துமஸுக்கு ஒரு வாரம் முழுக்க உன்னோடு இருக்கிறேன். தினமும் காரில் கூட்டிப்போகிறேன், உனக்கு பஸ் கிடையாது. கோபித்துக்கொள்ளாதே.

மைனிர்


கோர்வென்
1998 நவம்பர் 30

மைனிர்,

உன் கடிதம் அங்கே போய்ச் சேர்ந்துவிட்டது. நெரிஸைக் கூப்பிட்டுச் சொல்லிவிட்டார்கள்: இனி நோயாளிகளோடு பேசக் கூடாது. மருத்துவ விஷயத்தை மொழிபெயர்க்க அவளுக்குத் தகுதிச் சான்று இல்லையாம், ஏதாவது தப்பாகிவிட்டால் பொறுப்பு யாருடையது என்று கார்டிஃபிலிருந்தே கேட்டுவிட்டார்களாம். அவளை வேறு மாடிக்கு மாற்றிவிட்டார்கள். பஸ் நிறுத்தத்தில் என்னைப் பார்த்து, "என்னால உங்களுக்கு வம்பு வந்துருச்சாம்மா?" என்று அவள் என்னிடம் மன்னிப்புக் கேட்டாள். எனக்கு எங்கே முகத்தை வைத்துக்கொள்வது என்று தெரியவில்லை.

அவள் இடத்துக்குத் தகுதி உள்ளவர் யாரும் வரவில்லை. ஒரு ஃபோன் நம்பரைச் சுவரில் ஒட்டியிருக்கிறார்கள். இரண்டு மொழியிலும்.

நீ கெட்டதை நினைத்து எழுதவில்லை என்று எனக்குத் தெரியும். அதனால்தான் யாரைத் திட்டுவது என்று புரியாமல் உட்கார்ந்திருக்கிறேன்.

இவர் பேசுவதைக் குறைத்துக்கொண்டார். நான் போனாலும் பாதி நேரம் ஜன்னலைப் பார்த்தபடி இருக்கிறார். முந்தாநாள், "நான் சொல்றது உனக்காவது கேக்குதா?" என்றார். எனக்குக் காது மந்தம் என்று கேலி செய்கிறார் என நினைத்துச் சிரித்தேன். கேலி இல்லை.

பனி வரும் என்று ரேடியோ சொல்கிறதாம். பஸ் நின்றுவிடுமோ என்று பயமாக இருக்கிறது. கிறிஸ்துமஸ் வரை காத்திருக்காமல் வர முடிந்தால் வா.

ஒல்வென்


கார்டிஃப்
1998 டிசம்பர் 7

அக்கா,

நான் அப்படிச் செய்யச் சொல்லவே இல்லை. பயிற்சி பெற்றவரை வையுங்கள் என்றால், பயிற்சி இல்லாதவரை எடுத்துவிட்டார்கள். ஒரு கடிதத்தை இப்படியும் படிக்க முடியும் என்று எனக்குத் தோன்றியிருக்க வேண்டும். இத்தனை வருஷம் இதே வேலையில் இருக்கிறவளுக்குத் தோன்றியிருக்க வேண்டும். நிர்வாகத்துக்கு மறுபடி எழுதியிருக்கிறேன். பதில் வர இருபது வேலை நாள் ஆகும்.

சனிக்கிழமை புறப்பட்டு வருகிறேன். பனி பெய்தாலும் வருகிறேன். அத்தானிடம் சொல்லிவை.

மைனிர்


கோர்வென்
1999 ஜனவரி 24

மைனிர்,

உன் அத்தானின் அடக்கத்துக்கு வந்துவிட்டு மறுநாள் காலையே நீ போனதில் எனக்கு வருத்தமில்லை. அன்று நான் யாரோடும் பேசுகிற நிலையில் இல்லை. நீயும் இல்லை. நீ சனிக்கிழமை வண்டியை எடுத்தபோதே அவர் போய்விட்டிருந்தார், நானும் நாலு நாள் பனிக்குப் பிறகு முதல் பஸ்ஸில் போய்ப் படுக்கையைச் சுற்றி இழுத்துவிட்டிருந்த திரையைத்தான் பார்த்தேன். அதனால் நம் இருவருக்கும் அதில் சமபங்குதான்.

போன வியாழக்கிழமை வாசலில் ஒரு கார் நின்றது. ஜானிஸ் என்கிற நர்ஸ். செஸ்டர் பக்கத்துப் பெண், முப்பது வயதிருக்கும். வார்டில் எப்போதும் என்னைப் பார்த்துச் சிரிப்பாள். உள்ளே வந்து கோட்டைக்கூடக் கழற்றாமல் நின்றாள். என் நல்ல காதுப் பக்கம் வந்து நின்று பேச வேண்டும் என்று அவளுக்கு ஞாபகம் இருந்தது.

"ஒரு வார்த்தைக்கு அர்த்தம் கேக்கணும்னு வந்தேன்" என்றாள். பையிலிருந்து ஒரு துண்டுக் காகிதத்தை எடுத்தாள். காதில் விழுந்ததை ஆங்கில எழுத்தில் எழுதி வைத்திருக்கிறாள். "மூணு நாளா இதையேதான் சொல்லிட்டிருந்தாரு. வங்ஹோய்ஸ். வங்ஹோய்ஸ்."

"என் கால்னு அர்த்தம்" என்றேன்.

அவள் அப்படியே நாற்காலியில் உட்கார்ந்துவிட்டாள். "நான் புத்தகத்துல தேடினேன்" என்றாள். நர்ஸுகளின் பாக்கெட்டுக்கு என்று உங்கள் ஆபீஸ் கொடுத்த சின்னப் புத்தகம். அதையும் கொண்டுவந்திருந்தாள். "V எழுத்துல பாத்தேன், N எழுத்துல பாத்தேன், H-ல பாத்தேன். எங்கயும் இல்ல."

அங்கே இருக்காது, மைனிர். கோய்ஸ் என்றுதான் அதில் இருக்கிறது, C வரிசையில், கால் என்ற பொருளோடு. "என்" என்கிற "வ" முன்னால் வந்தால் கோய்ஸ் ங்ஹோய்ஸ் ஆகிவிடும் என்பது நமக்கெல்லாம் நடக்கத் தெரிவதற்கு முன்பே தெரியும். செஸ்டர்காரிக்கு எப்படித் தெரியும்? யாராவது தன் வலியைச் சொல்லும்போது "கால்" என்று மொட்டையாகவா சொல்வார்கள்? என் கால் என்றுதானே சொல்வார்கள்? புத்தகத்தின் பின் அட்டையில் தொகுத்தவர் என்று உன் பெயர் இருக்கிறது.

மீதியையும் அவளே சொன்னாள். "போர்வைய உதைச்சு உதைச்சுத் தள்ளினாரு. எந்திரிச்சுப் போகப் பாக்குறாருன்னு நெனச்சு நான் திரும்பத் திரும்பப் போத்திவிட்டேன். அஞ்சு தடவையாவது போத்தியிருப்பேன். அவரு எனக்குக் காலக் காட்டியிருக்காரு." சுவரில் இருந்த நம்பருக்கும் போட்டிருக்கிறாள், சாயங்காலம் ஐந்தரைக்கு. அது ஏதோ ஒரு ஆபீஸ் ஃபோன், ஐந்து மணிக்குப் பூட்டிவிடுவார்களாம். அடுத்த ஷிப்டுக்கு வந்தவர்கள், கத்துகிறார் என்று ஊசி போட்டுத் தூங்க வைத்துவிட்டார்கள். காலில் உறைந்து கட்டிய ரத்தம் நுரையீரலுக்குப் போனது மறுநாள் காலையில்.

ஃபைலில் என்ன எழுதியிருக்கிறது என்று கேட்டேன். அவளுக்கு மனப்பாடம். "வெல்ஷில் கூச்சலிட்டார். மருந்துக்குப் பின் அமைதியானார்."

அந்தப் பெண் என் சமையலறையில் உட்கார்ந்து அழுதாள். அவளுக்கு என்ன சொல்லித் தேற்றுவது? டீ போட்டுக் கொடுத்தேன். கிளம்பும்போது, "யார் வேணும்னாலும் கேக்கட்டும், நான் இதையே சொல்றேன். என் வேலை போனாலும் சரி" என்றாள்.

ஜனவரி பதினாலாம் தேதி உன் சிகிச்சையாளர் வந்தாராம். உன் அத்தான் படுத்திருந்த ஏழாம் நம்பர் படுக்கையில் வேறு யாரோ இருந்தார்களாம்.

நான் எல்லாவற்றையும் எழுதி உன் ஆபீஸுக்கு முறைப்படி புகார் அனுப்பப்போகிறேன். ஜானிஸின் கையெழுத்தும் அதில் இருக்கும். எனக்கு நஷ்டஈடு வேண்டாம், யாரையும் தண்டிக்க வேண்டாம். சட்டமன்றத்துக்கு நீ எழுதுகிற அறிக்கையில் ஒரு பத்தி வேண்டும். எம்லின் பியூ என்று ஒருவர் இருந்தார், கால் வலிக்கிறது என்று மூன்று நாள் தன் நாட்டில் தன் மொழியில் சொன்னார், யாருக்கும் புரியவில்லை, இறந்துபோனார். அவ்வளவுதான். அதை இருக்கிறபடி எழுது. உன்னிடம் வேறு எதுவும் கேட்கமாட்டேன்.

ஒல்வென்


மொழித் திட்டப் பிரிவு
கார்டிஃப்
22 மார்ச் 1999
கோப்பு எண்: 99/0217

திருமதி ஒல்வென் பியூ அவர்களுக்கு,

அம்மையீர்,

தங்களின் 01.02.1999 நாளிட்ட புகார் கிடைக்கப்பெற்றது. தங்கள் கணவரின் மறைவுக்கு எங்கள் ஆழ்ந்த இரங்கலைத் தெரிவித்துக்கொள்கிறோம்.

புகாரில் கூறப்பட்டவை குறித்துச் சம்பந்தப்பட்ட மருத்துவமனையிடம் விளக்கம் பெறப்பட்டது. மருத்துவமனையில் இருமொழி அறிவிப்புகள், பணியாளர்களுக்கான சொற்கையேடு, மொழி உதவித் தொலைபேசி எண் ஆகிய மூன்றும் நடைமுறையில் இருந்தமை உறுதி செய்யப்பட்டுள்ளது. எனினும் குறிப்பிட்ட நாட்களில் தகவல் பரிமாற்றம் எதிர்பார்த்த அளவில் அமையவில்லை என்பதை மருத்துவமனை ஏற்றுக்கொள்கிறது. மருத்துவ முடிவுகள் குறித்துக் கருத்துக் கூறும் அதிகாரம் இப்பிரிவுக்கு இல்லை.

தங்கள் புகார், சட்டமன்றத்தின் முன் வைக்கப்படவுள்ள ஆண்டறிக்கையில் "தீர்வு காணப்பட்ட புகார்கள்" என்னும் தலைப்பின்கீழ் உரிய முறையில் சேர்க்கப்பட்டுள்ளது. சேவையை மேம்படுத்த உதவியமைக்கு நன்றி.

இங்ஙனம்,
மைனிர் வாட்கின்
தலைவர் (பொறுப்பு)


கார்டிஃப்
1999 மார்ச் 23

அக்கா,

ஆபீஸ் கடிதம் இதற்கு முன்பே உன் கைக்கு வந்திருக்கும். வேறு யாராவது கையெழுத்துப் போட்டிருக்கலாம், போடுகிறேன் என்றும் சொன்னார்கள். உனக்கு வருவதில் வேறொருவர் பெயர் இருப்பது இன்னும் மோசம் என்று தோன்றியது. இப்போது அதுவும் சரியா என்று தெரியவில்லை.

நீ கேட்ட பத்தியை எழுதினேன். நீ எழுதியதைப் போலவே, அத்தான் பெயரோடு எழுதினேன். இயக்குநர் படித்துவிட்டு எழுந்து போய்க் கதவைச் சாத்தினார். பிறகு சொன்னார்: "மைனிர், இது உண்மைன்னு எனக்குத் தெரியும். ஆனா இத அப்படியே வெச்சா மொத வாரத்துலயே என்ன கேப்பாங்க தெரியுமா? பலகைக்கும் புத்தகத்துக்கும் இவ்வளவு செலவு பண்ணி ஒரு ஆளக் காப்பாத்த முடியல, எதுக்கு இந்தத் துறைன்னு கேப்பாங்க. கேக்குறவங்க வரிசையில நிக்கிறாங்க. அப்புறம் அந்த நம்பர்கூட இருக்காது." அந்த நர்ஸைத்தான் முதலில் பிடிப்பார்கள் என்றும் சொன்னார். அதுவும் பொய்யில்லை.

நாலு தடவை மாற்றி எழுதினேன். ஒவ்வொரு தடவையும் ஒரு வார்த்தை போயிற்று. முதலில் பெயர். அப்புறம் கால். அப்புறம் மூன்று நாள். கடைசியில் "இறந்தார்" போயிற்று. அதை எடுத்தது இயக்குநர் இல்லை, நான்தான்.

இருபது வருஷமாக இந்த மொழிக்காக ஒவ்வொரு அங்குலமாகத் தள்ளியிருக்கிறோம், அக்கா. ஒரு தபால் ஆபீஸ் படிவத்துக்கு மூன்று வருஷம் சண்டை போட்டிருக்கிறேன். இப்போதுதான் முதல் தடவையாக நமக்கென்று ஒரு அவை வருகிறது. அது வரும் நாளில் எல்லாம் இடிந்து விழக் கூடாது என்று நினைத்தேன். அதற்காக அத்தானை விட்டுக்கொடுத்தேன் என்று நீ சொல்வாய். ஆமாம். நான் வேறு எப்படிச் சொல்லிப் பார்த்தாலும் அதுதான் வருகிறது.

ஒன்று செய்திருக்கிறேன். கையேட்டின் புதுப் பதிப்பில், "என்" முன்னால் வரும்போது மாறுகிற வடிவங்கள் எல்லாவற்றையும் சேர்த்துவிட்டேன். ங்ஹோய்ஸ் இப்போது N வரிசையில் இருக்கிறது. கோடையில் அச்சாகும்.

நீ திட்டியாவது எழுது. பதிலே இல்லாமல் விட்டுவிடாதே. ஈஸ்டருக்கு நான் வரலாமா?

மைனிர்


கோர்வென்
1999 ஏப்ரல் 30
தங்கள் கோப்பு எண்: 99/0217

அன்புள்ள மிஸ் வாட்கின்,

இந்தக் கடிதத்தை ஆங்கிலத்தில் எழுதுகிறேன். பள்ளிக்கூடம் விட்டதற்குப் பிறகு ஒரு முழுக் கடிதத்தை ஆங்கிலத்தில் நான் எழுதுவது இதுவே முதல் தடவை. ஜானிஸ் பக்கத்தில் உட்கார்ந்து எழுத்துப் பிழைகளைத் திருத்தித் தருகிறாள். வாக்கியங்கள் என்னுடையவை.

தங்கள் மார்ச் 22 கடிதம் கிடைத்தது. அதில் ஒரு பிழைகூட இல்லை. இவ்வளவு சுத்தமான வெல்ஷை நான் கோயில் பிரசங்கத்தில்கூடக் கேட்டதில்லை. இரண்டு தடவை படித்தேன். என் கணவர் எங்கே இருக்கிறார் என்று தேடினேன். "தகவல் பரிமாற்றம்" என்ற இடத்தில் இருக்கிறார் என்று புரிந்துகொண்டேன்.

மார்ச் 23 கடிதமும் கிடைத்தது. அதற்குப் பதில் எழுத நாலு தடவை உட்கார்ந்தேன். நம் மொழியில் ஆரம்பித்தால் முதல் வரியிலேயே "கண்ணு" என்று வந்துவிடுகிறது. கை பழகிவிட்டது. அதனால்தான் ஆங்கிலம். இதில் எனக்கு அப்படி எந்த வார்த்தையும் தெரியாது.

ஈஸ்டருக்கு வரலாமா என்று கேட்டிருந்தீர்கள். ஈஸ்டர் போய்விட்டது. பதில் எழுதாததற்கு மன்னிக்கவும்.

நீங்கள் சொன்ன காரணங்கள் சரியாக இருக்கலாம். எனக்குத் தெரியாது, நான் பள்ளிக்கூடச் சமையற்காரி. அடுத்த வாரம் ஓட்டுப் போடப் போவேன். எம்லின் போயிருப்பார். ஆனால் இறந்தார் என்ற வார்த்தையை எடுத்தது நான்தான் என்று எழுதியிருக்கிறீர்கள் பாருங்கள், அதற்குப் பிறகு என்ன எழுதுவது என்று எனக்குத் தோன்றவில்லை. நெரிஸுக்கு வேறு மாடி, ஜானிஸுக்கு எச்சரிக்கைக் கடிதம், எனக்குத் தீர்வு காணப்பட்ட புகார். எம்லினுக்குத்தான் ஒன்றும் இல்லை.

ஜானிஸ் வியாழக்கிழமைகளில் வருகிறாள். வெல்ஷ் கற்றுக்கொள்ள வேண்டும் என்கிறாள். நான் சொல்லித்தர மறுத்துவிட்டேன், கோர்வெனில் மாலை வகுப்பு நடக்கிறது, அங்கே போகச் சொன்னேன். அவளோடு ஆங்கிலத்தில் பேசுவது எனக்குச் சுலபமாக இருக்கிறது. யோசித்து யோசித்துப் பேச வேண்டியிருப்பதால் அழ நேரமில்லை.

தங்கள் அலுவலக உறையில் ஒரு படிவமும் இருந்தது. இனிவரும் கடிதங்கள் எந்த மொழியில் வேண்டும் என்று கேட்டு இரண்டு கட்டங்கள். நல்ல படிவம். எழுத்து பெரிதாக இருக்கிறது, கண்ணாடி இல்லாமலே படிக்க முடிந்தது. ஆங்கிலம் என்ற கட்டத்தில் குறியிட்டு இத்துடன் வைத்திருக்கிறேன். தங்கள் பிரிவிலிருந்து யார் எழுதினாலும் அதன்படியே எழுதவும்.

தங்கள் உண்மையுள்ள,
திருமதி ஒ. பியூ